பதினோராவது தட்டில் ஒரு கரகரப்பு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அந்த மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் அளவுக்கு நலம் என்று நம்புகிறேன்.

கம்பெனிக்குக் கடைசியில் மனசு வந்துவிட்டது. உங்கள் பதினோரு இசைத்தட்டுகளின் மூல நாடாக்களும் என் மேசையில் இருக்கின்றன. இரைச்சல் நீக்கி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகப் போடப்போகிறார்கள். அக்டோபரில் உங்கள் ஐம்பதாம் ஆண்டு மேடைக்கு முன்னால் பெட்டி கடைக்கு வந்துவிட வேண்டும். ஒரு காலத்தில் உங்களுக்கு மைக் தூக்கி வைத்தவளுக்கே இந்த வேலை கிடைத்ததைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டாயிற்று.

ஒரு வாரமாக ஒன்பதிலிருந்து ஐந்து வரை என் காதில் நீங்கள்தான். முதல் தட்டில் உங்களுக்கு இருபத்துமூன்று வயது. தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறீர்கள், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. நாலாவதில் திடீரென்று நிதானம். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே காத்திருக்கிறார், டபுள் பாஸ் வாத்தியம் இரண்டடி முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிறது. நீங்கள் உங்கள் சௌகரியத்துக்கு வந்து சேருகிறீர்கள். ஆனால் சேருகிற இடம் மயிரிழை தப்புவதில்லை. ஏழாவதில் பியானோ மட்டும். அதில் ‘நேற்று’ என்ற சொல்லை நாலு முறை பாடுகிறீர்கள். முதல் மூன்று முறை அது ஒரு நாள். நாலாவது முறை அது ஓர் ஆள். எப்படிச் செய்தீர்கள்?

இன்று பதினோராவதுக்கு வந்தேன். போன வருடம் பாடியது. அதில் ஒரு கரகரப்பு இருக்கிறது. அப்போது உங்களுக்குச் சளி பிடித்திருந்ததா?

நீங்கள் வைத்த பெயரோடு,
பாம்புச்செவி


பிப்ரவரி 20

அடி பாம்புச்செவி,

சளியும் இல்லை, சனியனும் இல்லை. அதுதான் ஐம்பது வருடக் கனிவு. பத்திரிகைக்காரர் ஒருவர் ‘மணல் கலந்த தேன்’ என்று எழுதினார். நீ படிக்கவில்லையா? நான் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

‘நேற்று’ பற்றிக் கேட்டாய். அன்று பியானோக்காரர் ஜன்னலைத் திறந்தார். வெளியே யாரோ சிரித்தார்கள், என்னை விட்டுப் போனவருடைய சிரிப்பு மாதிரியே. அவ்வளவுதான். அதைப் போய்த் திறமை என்று எழுதிவிடாதே.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. யாரோ நினைத்தால் புரையேறும் என்பார்கள். அப்படியானால் ஊரே என்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. மகள் மாதம் ஒருமுறை போன் செய்து, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுகிறாள். கணக்கு டீச்சர் அல்லவா, நிமிடம் எண்ணுகிறாள்.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

பதினோராவது தட்டை ஆறு நாளில் பதிவு செய்தீர்கள். வெளியே வராத நாடாக்களையும் எடுத்து வரிசையாகக் கேட்டேன். முதல் நாள் அந்தக் கரகரப்பு ஒரே ஒரு சுரத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்துச் சுரத்துக்கும் வந்துவிட்டது. ஆறாம் நாள் நீங்கள் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டு போகிறீர்கள். கேட்பவர்கள் அதைத்தான் அழகு என்கிறார்கள். நானும் ஒரு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டில் மட்டும் இருந்தால் நானும் கனிவு என்று விட்டிருப்பேன். பாட்டுக்கு நடுவே நீங்கள் பியானோக்காரரிடம், “இன்னொரு தடவ போலாமா?” என்று கேட்கிறீர்கள். அந்தக் ‘போலாமா’விலும் அது இருக்கிறது. பேசும்போது யாரும் மணலைக் கலப்பதில்லை, அக்கா.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். குரல் கம்மியபோது சாக்பீஸ் தூசு என்றார். அவருக்கும் தண்ணீர் புரையேறியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினோரு மாதம், அவர் போகும் வரை, பக்கத்தில் இருந்து கேட்டேன்.

தயவுசெய்து ஒரு தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பாம்புச்செவி


மார்ச் 9

பாட்டைக் கேட்கச் சொன்னால் தொண்டையைக் கேட்கிறாய். உன்னை நாடாவைத் துடைக்கச் சொன்னார்கள், என் ஆயுசை எண்ணச் சொல்லவில்லை. வேலையைப் பார்.

அக்கா


ஜூன் 14

பாம்புச்செவிக்கு,

மூன்று மாதம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். நீ போட்ட நாலு கடிதமும் வந்தன. பிரிக்கவில்லை. பிரித்தால் நீ சொல்வது என் குரலிலேயே கேட்கும் என்று பயம்.

போன வாரம் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. போனேன். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நாற்காலியை இழுத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“குரல்வளைய முழுசா எடுக்கணும்மா.”

“எடுத்தா பாட முடியுமா?”

“பேசவே முடியாதும்மா. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற வழி இருந்திருக்கும்.”

“எடுக்கலேன்னா?”

அவர் மேசை விளிம்பைப் பார்த்தார். “சீக்கிரம் எடுத்தா பிழைச்சுக்குவீங்க.”

“அக்டோபர் வரைக்கும் தள்ளலாமா?”

“தள்ளினா அப்புறம் எடுத்தும் பிரயோஜனமில்ல.”

கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். நான் மேடை ஏறப்போகிறேன். எழுபத்துமூன்று வயதுக்குமேல் ஊமையாக உட்கார்ந்து என்ன செய்ய? பாடிவிட்டுப் போகிறேன். பியானோக்காரரிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன். மகளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. உனக்கும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிட்டது.

யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து எழுது. மறு தபாலில் வர வேண்டும்.

உன் அக்கா


ஜூன் 18

அக்கா,

சத்தியம். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் ஒரு கடிதம் போடுவேன். தினமும் ஒரே வேண்டுகோள்தான் இருக்கும்.

பாம்புச்செவி


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஒத்திகை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை. பியானோக்காரர் சுருதியை ஒருமுறை இறக்கினார். பிறகு எதுவும் சொல்லாமல் இன்னொருமுறை இறக்கினார். இரண்டாம் பாட்டின் நடுவில் உங்கள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பொதுத் தொலைபேசியில் காசு போட மூன்று முறை தவறியது. உங்கள் மகளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டாள். பிப்ரவரியிலிருந்து என்றேன். “பிப்ரவரி,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். சமாதானம் சொல்லப்போவதில்லை. உங்கள் பாட்டு இல்லாத உலகத்தில் நான் இருந்துவிடுவேன் என்று தோன்றியது, நீங்கள் இல்லாத உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது. அது உங்களுக்காக எடுத்த முடிவா, எனக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.

இது கிடைப்பதற்குள் அவள் உங்கள் வாசலில் நிற்பாள்.

பாம்புச்செவி


நவம்பர் 2

பாம்புச்செவிக்கு,

நீ சொன்னபடியே அவள் வந்து நின்றாள். கையில் ஒரு பை, காலில் வீட்டுச் செருப்பு. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் சண்டை போடவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, “பாட்டுக்காரிய ஊரே வச்சுக்கட்டும். எனக்கு அம்மா வேணும். ஒரு தடவயாவது,” என்றாள். நாற்பத்தாறு வயதில் அப்படி அழுகிறாள். நான் அவளை அழ விட்டுவிட்டு எத்தனை ஊருக்குப் பாடப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் கணக்கு வந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக மூச்சு விடுகிறேன். மயக்கம் தெளிந்ததும் நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அதற்குப் பிறகு திறக்கவில்லை.

டாக்டர், முழுவதும் எடுத்தாயிற்று, பயமில்லை என்கிறார். மகள் ராத்திரி பகல் பாராமல் கூடவே இருக்கிறாள். அவள் பேசுகிறாள், நான் சிலேட்டில் எழுதுகிறேன். இப்போது அவள் நிமிடம் எண்ணுவதில்லை. இதை நான் மறைக்கமாட்டேன்: அவளோடு இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பெட்டி வந்தது. நீ நன்றாகச் செய்திருக்கிறாய் என்று பியானோக்காரர் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்? கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் மிஷின் ஓட்டிக்கொண்டே போட்டுக் கேட்கிறார். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

உனக்கு நன்றி சொல்லி எழுதும்மா என்கிறாள் மகள். மூன்று தாள் கிழித்தாயிற்று. அந்த ஒரு சொல் வரவில்லை. நீ செய்தது தப்பு என்று எழுதலாம் என்றால், எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும் இவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் வரவில்லை.

இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே. போட்டால் படிப்பேன். படித்தால் ஒருநாள் மன்னித்துவிடுவேன். அதற்கு எனக்கு இன்னும் மனசில்லை.

அக்கா