பஸ் ஜன்னல் வழியாக விட்ட சீட்டு

மரக்காணம்
18.6.2006

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உன் அண்ணன் வேல்முருகனும் நல்லபடி இருக்கிறோம், பெங்களூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. எல்லாக் கடிதத்திலும் பழக்கத்தில் எழுதுகிற வரிதான், இந்தத் தடவை பதில் தெரியவேண்டும் என்றே கேட்கிறேன், காலையில் எழுந்ததும் விரல் மடங்குகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, எல்லாம் எழுது. போன வாரம் இரண்டு நாள் மழை அடித்து பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது, வெயில் ஏறும்வரை உப்பளத்தில் வேலை இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அப்பாவுக்குக் கண் எரிச்சல் குறையவில்லை, அண்ணன் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தான், போட்டுக்கொண்டு வெளியே போக வெட்கப்படுகிறார். பிரம்மதேசத்தில் உன் சித்தி மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.

நீ அண்ணனுக்கு அனுப்பிய சிடியைப் பார்த்தேன். படிப்பு முடிக்குமுன் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், வருஷக்கணக்கில் வலியோடு இருக்கிறவர்களைப் படம் வரையச் சொல்லி அவர்கள் பேசுவதை வீடியோ எடுக்கிறோம் என்று நீ எழுதியபோது, வலியில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். குயிலாப்பாளையத்தில் அண்ணன் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸில் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டார்கள், நானும் என்னோடு உப்பு சுமக்கிற கமலாம்பாள் அக்காவும் பஸ்ஸில் போனோம். முதலில் ஒரு பஸ் கண்டக்டர் தன் முதுகை வரைந்து அதில் முழுக்க எறும்பு வரைந்தார். பிறகு ஒரு தையல்காரம்மா தலையை மட்டும் வரைந்து அதைக் கறுப்பால் அடித்துக்கொண்டே இருந்தாள். அவர்களைப் பார்த்து அக்கா உச்சுக் கொட்டினாள். கடைசியில் நீ வந்தாய். உன் இரண்டு கையையும் பெரிய தாளில் வரைந்து, கணு கணுவாகச் சிவப்பு வைத்து, அதன் பக்கத்தில் உன் நிஜ விரல்களை விரித்துக் காட்டினாய். மறைக்காமல் சொல்கிறேன் கலா, அப்போது எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, கோணல் விரலை இத்தனை பேருக்கு இந்தப் பெண் காட்டுகிறதே, இனி யார் வந்து பெண் கேட்பார்கள் என்ற கூச்சம்தான் வந்தது. அதன்பிறகு நீ பேசினாய். “பத்தாவது லீவுல எங்கம்மா என்னை பாண்டிக்குக் கூட்டிக்கினு போய் காட்டுனாங்க, டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு, எங்கம்மா பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க” என்றாய். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த டாக்டரு நல்லா இருப்பானா அமராவதி” என்றாள். நான் “இருக்க மாட்டான்க்கா” என்றேன்.

அந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார், “இது சாதாரண வலி இல்லம்மா, ரத்தம் டெஸ்ட் பண்ணணும், செவ்வாக்கெழமை கட்டாயம் கூட்டி வாங்க, விட்டுட்டா விரல் கோணிடும்” என்று. சீட்டும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய், கோட்டக்குப்பம் தாண்டியதும் அந்தச் சீட்டை ஜன்னல் வழியாக விட்டுவிட்டேன். எலும்பு நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் உன் வாழ்க்கை போய்விடும் என்று பயந்தேன், அது ஒரு பாதி. மறு பாதி அதைவிட மோசம். எனக்கும் பதினைந்து வருஷமாக இடுப்பு வலி, யாரிடமும் சொன்னதில்லை, நான் தாங்குகிறேன், நேற்றுப் பிறந்தவள் தாங்கினால் என்ன என்று ஒரு கோபம் உள்ளே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை உன்னை உப்பளத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போனேன். கூடையைப் பிடிக்க முடியாமல் நீ கீழே போட்டபோது எல்லார் எதிரிலும், “டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு, நடிக்காதடி” என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீ என்னிடம், “நெஜமாவே எனக்கு வலிக்கலியாம்மா” என்று கேட்டாய். உனக்கு இது நினைவிருக்கிறதோ இல்லையோ. நான் “இல்ல” என்று சொல்லிவிட்டு உனக்குச் சோறு போட்டேன்.

படம் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பஸ்ஸில் கமலாம்பாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூனிமேட்டில் பஸ் நின்றபோது அவள், “எம் பொண்ணு மாசா மாசம் வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டுக்கினு கெடக்குது, நானும் இதையேதான் சொல்லிக்கினு இருக்கேன்” என்றாள். மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் உங்கப்பாவிடம் சொன்னபோது, “டாக்டரு வரச் சொன்னாரா இல்லியா, அத மட்டும் சொல்லு” என்று கேட்டார். சொன்னார் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார், ஒரு வாரமாகச் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கிறார். இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்தார், கீழே நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன், “இது நீ எழுத வேண்டியது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை கலா. உன் விரல் நிமிராது என்று அண்ணன் சொல்லிவிட்டான், நான் மன்னிப்புக் கேட்டு நீ கொடுத்தால் மட்டும் நிமிர்ந்துவிடுமா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் சென்னையில் ஒரு காலேஜில் இந்தப் படத்தைப் போடுகிறார்களாமே, அதற்குள் நீ டாக்டரைப் பற்றிச் சொல்கிற அந்த இடத்தை மாற்று. சரியாகச் சொன்ன மனிதரை என் பொய்யால் முன்பின் தெரியாதவர்களெல்லாம் திட்டக்கூடாது. உன் வாயால் என்னைச் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ கேமராவோடு வா, நடிக்காதடி என்று நான் உன்னைச் சொன்னபோது நின்ற அதே பெண்கள் எதிரில், உப்பளத்திலேயே நின்று நான் சொல்கிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் உன்னோடு வேலை செய்கிறவர் யாரையாவது அனுப்பு, அவரிடமும் இதையே சொல்வேன், என் பெயரையும் சொல்வேன்.

அங்காளம்மா உன்னைக் காப்பாற்றட்டும், எடுத்த படிப்பும் வேலையும் நல்லபடி முடியட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, முடியாத அன்றைக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் படு, யாராவது நம்பாவிட்டால் எனக்கு போன் போடச் சொல், பக்கத்துக் கடை நம்பர் அண்ணனிடம் இருக்கிறது, நான் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மா. அமராவதி