மாமாங்கத்தில் சொல்லக் கூடாத பெயர்

லண்டன்
2009 ஆடி

பிரஷாந்தியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா? பேத்தி என் மடியை விட்டு இறங்குகிறாள் இல்லை.

பயப்பட வேண்டாம், ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன கிழமை மகள் பிரஷாந்தி என்னை யூனிவர்சிட்டி ஆராய்ச்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். திரையில் புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று சொல்ல வேண்டும், அது எவ்வளவு நிச்சயம் என்றும் சொல்ல வேண்டும். பிறகு காந்தக் கருவி ஒன்றைத் தலையில் வைத்து மூளையை லேசாகத் தட்டினார்கள். நோகவில்லை. ஆனால் அதன்பின் எதைக் கேட்டாலும் நிச்சயமில்லை என்றே சொன்னேன். கடைசியில் வந்த முடிவைப் பார்த்து மகள் சிரித்தாள்.

"அம்மா, உங்கட கண் முந்தி மாதிரிச் சரியாத்தான் பாத்திருக்கு. நிச்சயம் மட்டுந்தான் குறைஞ்சது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை முடிந்த கிழமை, வன்னிக்குப் போய் வராத நம்ம மகன் மதுரனை, டிவியில் சரணடைந்து குந்தியிருந்தவர்களுக்குள் கண்டேன். "வடிவாத் தெரியுமா, வடிவாத் தெரியுமா" என்று நீங்களும் உங்கள் தம்பியும் போனில் கேட்டுக் கேட்டே என் நிச்சயத்தைக் கரைத்தீர்கள். சுனாமியன்றும் அவன் செத்தான் என்று ஊரெல்லாம் சொன்னவர் அந்தத் தம்பிதான். மறுநாள் பிள்ளை வாவிக்கரையால் நடந்து வந்தான். நான் மறக்கவில்லை.

இன்று கேட்டால், அது அவன்தான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கண்டேன்.

அவன் சைக்கிளை உங்கள் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம், செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பேத்தி எழும்பிவிட்டாள், நிறுத்துகிறேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போனால், பிதிர்க்கடன் செய்ய, செத்தவர்களின் பெயர்களை ஐயர் கேட்பார். மதுரனின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

அன்னப்பூரணி