பயபக்தி

மார்ச் 4, திங்கள்
பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரைக் காலையில் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ரசம் கொடுக்க வந்த எதிர்வீட்டு மாலா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னா பயபக்தியா செய்யறீங்கக்கா! நம்ம உப்பளம் ஏரியாவுலயே உங்கள மாதிரி ஆள் கெடையாது."

பக்தி சரி. அதற்கு முன்னால் பயத்தை எதற்குச் சேர்த்தார்கள்? சாமியிடம் பயபக்தி, வாத்தியாரிடம் பயபக்தி. கல்யாணத்தன்று மாமியார் சொன்னதும் இதையேதான்: "புருசன்கிட்ட பயபக்தியா நடந்துக்கணும்." பக்தி எனக்கு வரவேயில்லை. பயம் முதல் வாரமே வந்துவிட்டது, அவருடைய பெல்ட்டோடு.

மார்ச் 9, சனி
சங்கரா மீன் குழம்பு. அவருக்குக் கஞ்சி. தொண்டையில் முள் மாட்டிக்கொள்ளுமாம் - டாக்டர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றே காலத்தை ஓட்டியவள் நான்.

மார்ச் 13, புதன்
தண்ணீர்ச் சொம்பை வலது பக்கம் வைத்தேன். அவருக்கு அசைவது இடது கை மட்டும்தான். சொம்பையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என் வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மார்ச் 21, வியாழன்
பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள், "சீக்கிரமே பேசிடுவாரு ஆன்ட்டி."

சந்தோஷப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். பேச்சு வந்தால் எதை முதலில் சொல்வார்? மீனையா, சொம்பையா? மகள் சத்யப்பிரியா அப்பா செல்லம். தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாளா? இருக்கறது ஒரே பொண்ணு. ஐயோ வேம்பு, ஏன்டி இப்படிப் பண்ண?

மார்ச் 22
இன்று சொம்பு இடது பக்கம்.

மார்ச் 31, ஞாயிறு
அவருக்கு ஒன்றிரண்டு சொல் வருகிறது என்று கேள்விப்பட்டு, சத்யா அரியாங்குப்பத்திலிருந்து ஓடி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, அம்மா உன்ன நல்லாப் பாத்துக்குதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நல்... லா."

சத்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். "நல்லா வச்சிருக்காராம்மா?" என்று என் அப்பா வந்து கேட்கும்போதெல்லாம், இவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் "நல்லா வச்சிருக்காருப்பா" என்பேன்.

அவள் போனபின் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். நான் சொல்லாமலே வாயைத் திறந்தார். இத்தனை வருஷமும் இந்த மனுஷனுக்கு இது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.