என் கையெழுத்துக்குக் காத்திருந்தவன்

செப்டம்பர் 6, திங்கள்

புதன்கிழமை கோர்ட்ரெய்க் நகர மருத்துவமனையில் எனக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை. செங்கல் ஆலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாமனார் தொடங்கியது, கணவர் அஷில் இறந்த பிறகு பதினெட்டு வருடமாக என் கையெழுத்தில் ஓடுகிறது. மகன் வூட்டர் நிர்வாகி. பங்குகளை அவனுக்கு எழுதிவிட்டேன், அவற்றின் வாக்குரிமையை மட்டும் வைத்துக்கொண்டேன். சட்டப்படி ஒப்பந்தங்களில் அவனே கையெழுத்திடலாம். வீட்டு வழக்கப்படி என்னைக் கேட்க வேண்டும். நல்லவன்தான். அது போதாது.

செப்டம்பர் 22, புதன்

அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த காய்ச்சல் விட்டது. பத்து நாளாக நினைவே இல்லையாம். எழுத்து கோணுகிறது. பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெர்னார்தா பார்த்திருந்தால் விரல் முட்டியில் அடித்திருப்பார்.

செப்டம்பர் 27, திங்கள்

சூளைக்கு மூன்று வருடம் பழைய விலையிலேயே எரிவாயு தர எரிவாயு நிறுவனத்தார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் தேதிக்குள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வூட்டர் போடவில்லை. இப்போது விலை இரண்டு மடங்கு.

"நிர்வாகி நீதானே? போட்டிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கு நினைவே இல்லம்மா. கண் முழிச்சதும் கேக்கலாம்னு இருந்தேன்."

"வீடு பத்தி எரியும்போதும் கேப்பியா?"

"போட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

திட்டியிருப்பேன். இருவருக்கும் தெரியும்.

அக்டோபர் 3, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வூட்டர் வீட்டில் சாப்பாடு. கறி சரியாக வேகவில்லை என்றேன். மருமகள் கத்ரீன், "அதுவும் உங்க கையெழுத்துக்குக் காத்திருந்துச்சு போல, அத்தை" என்றாள். வூட்டர் சிரித்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது.

நவம்பர் 4, வியாழன்

சூளைப் பொறுப்பாளர் ஜெரார்த் வந்திருந்தார். "ஒவ்வொரு கல்லும் நஷ்டத்துல வேகுது, மேடம். இனி என் நாற்காலியத்தான் எரிக்கணும்." வங்கி கைவிரித்துவிட்டது. ஐம்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

பத்து வயசுல வூட்டர் எழுதின ஒவ்வொரு கடிதத்தையும் மூணு தடவை திருப்பி எழுத வச்சேன். சரியா வரணும்னுதானே? — வேற எதுக்கு?

நவம்பர் 16, செவ்வாய்

நோட்டரி அலுவலகம். வாக்குரிமையையும் வூட்டருக்கு விட்டுக்கொடுத்தேன். "இனி நீதான் முடிவு பண்ணணும்" என்றேன். ஆலையைக் காப்பாற்றுவான் என்றுதான் கொடுத்தேன்.

"பத்து வருஷம் முன்னாடி கொடுத்திருக்கலாம்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 17, புதன்

மழை.

நவம்பர் 26, வெள்ளி

ஜெரார்த் தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தொரு வருடமாக அணையாமல் எரிந்த சூளையை வூட்டர் இன்று காலை அணைக்கச் சொல்லிவிட்டான். ஆலையை மூடுகிறான். எல்லோரையும் முற்றத்தில் கூட்டி அவனே சொன்னானாம்.

"தடுமாறவே இல்ல, மேடம். 'அம்மாவக் கேட்டீங்களா'ன்னு ஒருத்தன் கேட்டான். 'இல்ல'ன்னுட்டாரு."

ஆலைக்குப் போக மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்து கழற்றி மாட்டினேன்.

மாலை முழுவதும் யோசித்தேன். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அவனிடம் சொல்லலாம். ஆனால் அவன் கேட்கவில்லை.