நவம்பர் தேதிகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சால்ட் லேக்கில் பகுதி நேரப் புகைப்படக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு. வந்திருந்த எல்லோரும் என்னைப்போல்தான் — வாரம் முழுக்க வேறு வேலை, சனி ஞாயிறு கல்யாணம். "விசாரித்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் ஏன் வரவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் நடத்தியவர். சுருக்கென்றது. மற்ற வருடங்களில் இதற்குள் நவம்பர் தேதிகள் பாதியாவது நிரம்பியிருக்கும். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. புது இணையப் பக்கம், விளம்பரம், நல்ல லென்ஸ் — எல்லாம் செய்தாயிற்று. பக்கத்தைப் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அப்புறம் எங்கே போகிறார்கள்?

ஆகஸ்ட் 6, புதன்

பாங்க் கவுண்டரில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் தொழிலுக்கென்று வாங்கிய போன் பகலில் என் கணவன் சதீஷிடம் இருக்கும். அவனுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வேலை. அலிப்பூர் பாங்கிலிருந்து வந்ததும், "யாராவது கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"ஒருத்தர். ரேட் கேட்டுட்டு வச்சிட்டார்."

டீ போட்டுக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேறொரு ஸ்டுடியோவின் பக்கத்தில் ஒரு மணப்பெண் படம். பிரின்செப் காட் ஆற்றங்கரை, தோளுக்குப் பின்னால் பாலம், முகத்தில் பாதி நிழல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஸ்மிதா எடுத்தது. மூன்று வருடமாக என்னோடு இரண்டாவது கேமரா பிடிப்பது அவள்தான். கல்யாண வீடுகளில் பெண்கள் அவளுடைய போன் நம்பரைத்தான் கேட்டு வாங்குவார்கள். எதற்கு வாங்கினார்கள்? இப்போதுதான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 15

ஸ்மிதா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கரியாஹாட் டீக்கடையில் ஸ்மிதாவிடம் கேட்டேவிட்டேன்.

"நீ வேலை கொடுக்கல, தமயந்தி-தி. அந்த ஸ்டுடியோவுக்கு நாள் கூலிக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றாள் வங்காள மொழியில். தி என்றால் அவர்களுக்கு அக்கா.

"என் பார்ட்டிங்களையும் அங்க தள்ளி விட்டியா?"

மண்குவளையில் பாதி டீ இருந்தது. கீழே வைத்தாள். பையிலிருந்த என் பேட்டரிகளை எடுத்து பெஞ்சில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். தப்பு செய்தவள் இப்படிப் போவாளா? செய்தவள்தான் இப்படிப் போவாளோ?

வீட்டில் சொன்னேன். "அவளை நம்பாதேன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றான் சதீஷ்.

எப்போது சொன்னான்? எனக்கு ஞாபகமே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

லேக் மார்க்கெட்டில் பூ வாங்கும்போது நாகலக்ஷ்மி மாமியைப் பார்த்தேன். அவருடைய பெரிய பெண் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன்.

"சின்னவளுக்கும் உன்னையே போடணும்னு இருந்தோம். நீங்கதான் நவம்பர்ல இங்க இருக்க மாட்டேளாமே? சென்னைக்கு மாத்தலாயிடுத்துன்னு உங்காத்துக்காரர் போன்ல சொன்னாரே!"

பூக்காரன் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றான்.

"நான் எங்கயும் போகல மாமி. கல்யாணத் தேதி சொல்லுங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சதீஷ்கிட்ட கேட்டுட்டேன். மறைக்கவே இல்ல அவன். "ஜூன்லயே என் ஆபீஸ்ல சென்னை டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நீ புக்கிங் வாங்கிட்டா கிளம்ப மாட்டே. அதான்..."

"ஸ்மிதாவ நான் சந்தேகப்பட்டப்போ?"

அத விட்டுட்டு வேற சொன்னான்: "உனக்கு இது பொறந்த ஊரு. எனக்கு? மீன்காரன்கிட்டகூட கைய காட்டித்தான் பேசறேன், இத்தன வருஷமா."

அது பொய்யில்ல. அத சொல்லியிருக்கலாமே! தெனம் டீய கையில கொடுத்துட்டு — ஒருத்தரும் புக் பண்ணலன்னு எப்படிடா சொல்ல முடிஞ்சுது?

ஆகஸ்ட் 31

போனை வாங்கிக்கொண்டேன். வந்த அழைப்புகளுக்கெல்லாம் நானே திரும்பப் பேசினேன். பெரும்பாலானவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெஹாலாவில் ஸ்மிதா வீடு. ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். மேலே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன், நடந்ததைச் சொன்னேன்.

"நீ கேட்கவா வந்தே அன்னைக்கு? முடிவு பண்ணிட்டு வந்தே," என்றாள்.

"இனிமே நீ உதவியாள் இல்ல, கூட்டாளி. இணையப் பக்கத்துல ரெண்டு பேர் பேரும் போடலாம்," என்றேன்.

"யோசிக்கணும்."

யோசிக்கட்டும். பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

செப்டம்பர் 19

ஸ்மிதாவிடமிருந்து ஒரே வரி: என் பேர் முதலில் வரணும்.

சிரித்துவிட்டேன். சரி என்று எழுதினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று சதீஷை ஹவுராவில் ரயிலேற்றினேன். "எனக்காக பாங்க்ல டிரான்ஸ்ஃபர் கேப்பியா?" என்றான். சீசன் முடியட்டும், பேசலாம் என்றேன். தலையாட்டினான். ரயில் நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஏனென்று தெரியவில்லை.

இன்று மாமியின் சின்னப் பெண் கல்யாணம். "உங்காத்துக்காரர் வரலையா?" என்றார் மாமி. சென்னை போய்விட்டதைச் சொன்னேன்.

"நீ எப்போ கிளம்பறே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்மிதா கத்தினாள்: "தி, மறைக்கிறே, இடது பக்கம் போ!"

போனேன்.