பன்னிரண்டாம் முடிச்சு

நலம் பெருகுக. ஏழு உப்பங்கழிகளுக்கும் ஒரு கலங்கரை விளக்குக்கும் உரியவளாகிய வெண்டாழை நாட்டரசி பொலங்கொடி மாதேவி, முத்தாழித் துறைக் காவலர் ஏனாதி கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் மீன் மலிக. உம் முழங்கால் வலி தணிக.

மிளகுக் கலம் புறப்படாத காரணம் கேட்டு மூன்று ஓலை விடுத்தீர். காரணம் நம் அவைப் புலவர் எயினனார்; அவரை அமர்த்திய நாமும்தான்.

வணிகத்தில் மாந்தர் கொள்ளும் அச்சத்தை ஆராயும் அவர், எந்தக் கலத்திலும் ஏறியவரல்லர். ஆயினும் மீகாமன் சேந்தன் கடன் வாங்கிச் சரக்கேற்ற முனைந்தபோது, கலம் கவிழ்ந்தால் அவன் குடும்பமும் கவிழும் என்றும், பன்னிருவர் பங்கிட்டால் இழப்பு ஒருவரையும் சாய்க்காது என்றும் அவர் உரைத்தது நல்லுரையே. துறை வழக்கப்படி பங்காளர் ஒவ்வொருவரும் நங்கூரக் கயிற்றில் தம் கையால் முடிச்சிட்டனர். பன்னிரண்டும் விழுந்தாலன்றிக் கலம் நகராது. பதினொன்று விழுந்தன.

அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். கடைத்தெருவில் நின்று, நூறு பொன் பெறும் மகிழ்ச்சியைவிட நூறு பொன் இழக்கும் துயரம் இருமடங்கு என்று தாம் இயற்றும் நூலின் இரண்டாம் இயலை விரித்துரைத்தார். பன்னிரண்டாமவர் வரவேயில்லை. முன்னரே முடிச்சிட்டவர்கள் அவிழ்க்க வரிசையில் வந்து, உம் கோலுக்கு அஞ்சிக் கலைந்ததை நீர் அறிவீர். பதினொன்றில் ஒன்றாகிய நம் முடிச்சை அவிழ்க்க அவ்வரிசையில் முக்காடிட்டு நின்ற மீன்காரி நாமே என்பதை அறியீர். நகம் ஒடிந்ததே மிச்சம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காற்று இன்னும் எட்டு நாளே நிற்கும். அது திரும்பினால் மிளகில் பூஞ்சணம் பிடிக்கும். மாலுமிகள் நாற்பதின்மர் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே எஞ்சிய பங்கை ஏற்குமாறு எயினனாரையே பணித்தோம். ஆராய்ச்சி வேறு, கைப்பொருள் வேறு என்று விண்ணப்பித்தார். அவர் நூலுக்கு நாம் அறிவித்திருந்த பரிசு நூறு பொன்னே அப்பங்கு என்றோம். அவர் முகம் தம் இரண்டாம் இயலை ஐயமற மெய்ப்பித்தது.

ஆதலின் ஆணை இது: இவ்வோலையுடன் வரும் அவர் பன்னிரண்டாம் முடிச்சை இட்டதும், கயிற்றைக் கடல்நீரில் நனைத்து இறுக்குக. கலம் கண் மறையும்வரை கரையில் நீரே காவல் நிற்க.

தாழம்பூ முத்திரை இட்டு விடுத்தோம். இதற்குப் பின் முக்காடிட்ட மீன்காரி ஒருத்தி வந்து, இதே முத்திரையைக் காட்டி இவ்வாணையை மாற்றினாலும், தயங்காது கோலெடுத்து விரட்டுக.