திருடன் கற்ற வைத்தியம்

அன்புள்ள பாக்கியம்,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே தம்போய் ஊரில் நான் நலமே.

எங்கள் பட்டறை முதலாளி மகள் ஷர்மினி, தோழிகளோடு மேசையில் கதை விளையாட்டு ஆடுகிறாள். அதில் ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கு ஒரு வகுப்பு. வீரன் வகுப்பு வாள் மட்டுமே பழகலாம். திருடன் வகுப்பு திருட மட்டுமே. வகுப்பை நீக்கி, ஆட்டத்தில் சேர்த்த புள்ளிகளால் யாரும் எதையும் கற்கும்படி திறமைகளுக்கு விலை போடச் சொல்லி, பட்டறையில் விலை எழுதும் என்னிடம் கேட்டாள். நான் தவறினால் அவர்கள் ஆட்டமே கெடும் என்று பயந்துகொண்டே போட்டேன்.

நேற்று ஆட்டத்தில் திருடன் புள்ளி கொடுத்து வைத்தியம் வாங்கி, சாகக் கிடந்த அரசியைப் பிழைக்க வைத்தான். எனக்கு மெய்சிலிர்த்தது.

“அங்கிள், உங்களுக்குப் புள்ளி கெடச்சா என்ன வாங்குவீங்க?” என்று ஷர்மினி கேட்டாள்.

“சமையல்மா.”

“அலமாக், இவ்ளோதானா?” என்று இந்த ஊர் வியப்புச் சொல்லோடு சிரித்தாள்.

ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று எழுது. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன்
ராஜமாணிக்கம்